பொறுப்புக் குடியரசுத் தலைவரின் அக்கா

மார்ச் 2

தம்பிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா மனம் இறங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. என் கணவரின் சவப்பெட்டியைத் திறந்து சோதித்த பிறகுதான் துணைக் குடியரசுத் தலைவர் உள்ளே வர முடியும் என்று உன் மெய்க்காவலர்கள் சொன்னார்கள். நீ வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தாய். அன்று நிறுத்திய பேச்சை இன்றும் நான் தொடங்கவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான். பேசினால் என் குரல் உயரும், எழுத்து உயராது.

செய்தித்தாளில் பார்த்தேன். குடியரசுத் தலைவருக்கு இதய அறுவை சிகிச்சையாம். அவர் தேறும்வரை அவருடைய அதிகாரம் முழுவதும் உன்னிடமாம். நான் படித்த கான்வென்ட் வாசலில் என்னை அழைத்துப்போக வந்து, காவலாளிக்குப் பயந்து கூப்பிடாமல், இருட்டும்வரை மரத்தடியில் நின்றிருந்தவனிடம் ஒரு நாட்டின் முப்படைகள்! எதிரி நாட்டுக்கு இது தெரியாமல் இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் இங்கே துறைமுகத்தில் பைலட் என்பதும், பைலட் ஏறி வழிகாட்டாமல் எந்தக் கப்பலும் உள்ளே வர முடியாது என்பதும் உனக்குத் தெரியும். இப்போது பைலட்டுகள் எல்லோரும் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கப்பலுக்கு ஏற்றிச்செல்லும் படகுகள் அரதப் பழசு. ஒன்று நடுக்கடலில் எஞ்சின் நின்று, கப்பலில் மோதி, ஒரு பையனுடைய கால் நசுங்கிவிட்டது. புதுப் படகு வரும்வரை கடலில் இறங்க மாட்டோம் என்கிறார்கள். அவர்கள் சங்கத்துக்குச் செயலாளர் என் மகன்.

வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்து எல்லோரையும் சிறையில் போட ஓர் அவசர ஆணை தயாராகிறது என்று பேச்சு. அது உன் மேசைக்கு வரலாம். வந்தால், அவன் என் மகன் என்பதற்காக நீ ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. நான் கேட்டு நீ செய்தாய் என்று நாளை ஒருவனும் சொல்லக் கூடாது. கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்கா,

கடித உறையைப் பார்த்ததும் ஐந்து நிமிடம் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். திட்டத்தான் எழுதியிருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதியிருக்கிறாயே!

தலைவருக்கு அறுவை சிகிச்சை நேற்று முடிந்தது, நலமாக இருக்கிறார். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால், தன் அதிகாரத்தை ஒப்படைப்பதாகச் சபாநாயகருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது சபாநாயகர் கைக்குப் போன கணத்திலிருந்து நான் பொறுப்புத் தலைவர். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகத் தலைவர் சபாநாயகருக்கே இன்னொரு கடிதம் எழுதும்வரை இப்படித்தான். பட்டாபிஷேகமும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஒரு தபால்தான்.

அவருடைய நாற்காலி உயரமானது, உட்கார்ந்தால் என் கால் தரையில் படவில்லை. அதைத் தாழ்த்தும் திருகு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனவே இந்த நாட்டின் தலைவர் இப்போது கால்களை ஆட்டிக்கொண்டு கோப்பு பார்க்கிறார்.

முதல் நாளே அவருடைய செயலாளர் எனக்குப் பாடம் எடுத்தார். "இங்க நீங்க முடிவு எடுக்கறதில்லீங்க ஐயா. முடிவு எடுக்கறது அமைச்சரவை. எல்லாரும் கூடி எழுத்துல ஆலோசனை குடுப்பாங்க. நீங்க கையெழுத்துப் போடுவீங்க."

"அப்ப நான் பேனா."

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க. பேனா திருப்பிக் கேள்வி கேக்காது. நீங்க ஒரு தடவை கேக்கலாம்."

அன்று மதியமே அந்த ஆணையை எடுத்துக்கொண்டு உள்துறை அமைச்சர் வந்துவிட்டார். நான் அரசியலுக்கு வருவதற்கு முன்னால் பல் டாக்டராக இருந்ததை அவர் மறப்பதே இல்லை. "டாக்டர், ஒரே ஒரு கையெழுத்து. வலிக்காது" என்றார்.

"அந்த வசனம் என்னோடது" என்றேன். "அமைச்சரவை கூடிச்சா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கப்பலெல்லாம் வெளிய நிக்குது."

"கூடினதுக்கு அப்புறம் கொண்டாங்க."

அவர் கோப்பை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "மருமகனேன்னு பாக்கறீங்களாக்கும்" என்றார்.

அக்கா, எனக்கு வாய் வரவில்லை. கோப்பை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

வாய் வரவில்லையா? ஊரார் வாயைத் திறந்து பார்த்துப் பிழைத்தவனுக்கு வாய் வரவில்லை!

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். வேறு யாரோ பெற்ற பிள்ளை அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்திருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பாயா, மாட்டாயா? அனுப்பியிருப்பாய் என்றால் சரி, நீ உன் வேலையைச் செய்தாய். மாட்டாய் என்றால் என் முதல் கடிதத்தை நீ ஒழுங்காகப் படிக்கவில்லை.

உன் மருமகன் இப்போது வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வருகிறான், அதையும் நின்றுகொண்டே சாப்பிடுகிறான். நேற்று பேச்சுவாக்கில், "மாமா கையெழுத்துப் போட மாட்டாரும்மா" என்றான்.

"ஏன்டா போட மாட்டான்?"

"மாமாம்மா!"

"அங்க உக்காந்திருக்கறது உன் மாமா இல்ல. இந்த வாசலுக்குள்ள வந்தாத்தான் மாமா."

"அவர்தான் இந்த வாசலுக்கே வர முடியாதே. நீதான் விடறதில்லையே."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பைலட்டுகளுக்குக் கப்பலை ஓட்டத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தக் கால் போன பையனை நான் மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். நியாயம் இருப்பது வேறு, மாமா இருப்பது வேறு. இரண்டும் ஒரே பக்கம் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நீ கேட்டதற்குப் பதில்: தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அனுப்பியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தையும் சேர்த்து எழுதுகிறேன், உன்னிடம் மறைத்துப் பயனில்லை.

இனி அந்தக் கேள்விக்கே அவசியமில்லை. நேற்று முன்தினம் காலையில் தலைவர் தன் கைப்பட எனக்கு ஒரு கடிதம் அனுப்பினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, அன்பு மட்டும் நேராக இருந்தது. "நண்பரே, பிழைத்துவிட்டேன். என் சுமையைச் சுமந்ததற்கு நன்றி. இன்று முதல் அதை நானே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் போய் நன்றாகத் தூங்குங்கள்." அப்படிப்பட்ட மனிதர் அவர். வார்டு முழுக்கப் பூங்கொத்து குவிந்திருக்கிறதாம், அனுப்பியவர்களுக்கெல்லாம் தானே நன்றி எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

செயலாளரிடம் காட்டினேன். "ரொம்ப சந்தோஷங்க ஐயா" என்றார். நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினேன், உண்மையாகவே குதித்துத்தான் இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்து பத்து மணிநேரம் தூங்கினேன்.

எழுந்தபோது செய்தி சொன்னார்கள். உள்துறை அமைச்சர் நேராக மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். தலைவர் படுக்கையில் இருந்தபடியே அவசர ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அக்கா, என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அந்தச் செய்தியைக் கேட்ட கணத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. போட்டவன் நான் இல்லை என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான் மருமகன் முகம் ஞாபகம் வந்தது. இப்போது என் கையில் ஒன்றும் இல்லை. வக்கீல் வைக்கவா? பணம் என்னுடையது, அரசாங்கத்தினுடையது அல்ல.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

வக்கீல் வேண்டாம். சங்கத்துக்கு இருக்கிறார்.

நேற்றுக் காலை வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நான் ஆணையை முழுவதும் படிக்கச் சொன்னேன். "எதுக்கும்மா, உங்க பையனுக்குத் தெரியும்" என்றார். "எனக்குத் தெரியாது. தேதியோட படிங்க" என்றேன். அவர் படித்து முடிக்கும்வரை தெருவே வாசலில் நின்று கேட்டது. "அம்மா, ஒரு ஸ்வெட்டர் குடுத்தனுப்புங்க, அங்க குளிரும்" என்று அவரே சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

வண்டி போன பிறகு உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். வேறு வேலை ஓடவில்லை. படித்ததில் ஒரு சந்தேகம். அதை எழுதவா வேண்டாமா என்று மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன், நான்காவது இது.

அதிகாரத்தை ஒப்படைக்கும்போது தலைவர் சபாநாயகருக்கு எழுதினார் என்றாய். திரும்ப எடுத்துக்கொள்ளும்போதும் அவருக்கேதான் எழுத வேண்டும் என்றாய். ஆனால் அவர் உனக்கு எழுதியிருக்கிறார். சபாநாயகருக்கு என்ன எழுதினார்? எழுதினாரா?

கான்வென்ட்டில் மதர் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது முதலில் உறைமேல் விலாசத்தைத்தான் எழுதச் சொல்வார். யாருக்கு என்று தெரியாமல் என்ன என்று எழுதாதே என்பார். நன்றி சொல்ல வேண்டியது உனக்கு. அதிகாரத்தைக் கேட்க வேண்டியது வேறு ஆளிடம். பண்புள்ள மனிதர் இரண்டையும் ஒரே தாளில் முடித்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தவறாக இருக்கலாம், இன்னொரு கடிதமும் போயிருக்கலாம்.

இதை என் மகனுக்காகக் கேட்கிறேனா என்று நீ கேட்கலாம். அவன் வீட்டில் இருந்திருந்தால் உன் கடிதங்களை நான் திரும்பப் படித்திருக்க மாட்டேன், உண்மை. ஆனால் பார்த்த தவறைப் பார்க்காததுபோல் இருப்பதும் என் மகனுக்காகச் செய்வதுதான். அவன் பெயர் கெடக் கூடாது என்பதற்காக. எப்படித் திரும்பினாலும் அவன் குறுக்கே நிற்கிறான். அதனால் ஒரு நிபந்தனை. இந்தக் கடிதத்தை அந்தச் செயலாளர் முன்னால் உரக்கப் படி. கேட்டது யார், அவள் மகன் எங்கே இருக்கிறான் என்பதையும் சேர்த்துப் படி. மறைத்துக்கொண்டு விசாரிப்பதாக இருந்தால் விசாரிக்கவே வேண்டாம்.

அக்கா

மார்ச் 16

அக்கா, அக்கா, அக்கா!

இதற்குள் மருமகன் வீட்டுக்கு வந்திருப்பான். அவனுக்குத் தெரிந்ததை அவன் சொல்லியிருப்பான். மீதியை நான் சொல்கிறேன்.

உன் கடிதத்தைச் செயலாளர் முன்னாலும், அரசு வழக்கறிஞர் முன்னாலும், நீ சொன்னபடி உரக்கப் படித்தேன். 'சிரித்திருக்கலாம்' என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். படித்து முடித்ததும் செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். "சபாநாயகருக்கு ஆஸ்பத்திரில இருந்தே அனுப்பிட்டாங்கன்னு நான் நெனச்சேனுங்க." மருத்துவமனையில் இருந்த உதவியாளரைக் கேட்டோம். "ஆபீஸ்ல இருந்து நீங்க அனுப்பிட்டீங்கன்னு நான் நெனச்சேன் சார்."

சபாநாயகரைத் தொலைபேசியில் பிடித்தோம். "எனக்கு ஒண்ணும் வரலையே. நீங்கதான் இன்னும் தலைவர்னு நான் இருக்கேன். ஆமா, நாலஞ்சு நாளா ஆபீஸ் பக்கமே வரலையாமே, உடம்பு சரியில்லையா?" என்றார்.

ஆக, இத்தனை நாளும் எனக்கே தெரியாமல் நான் நாட்டை ஆண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் நான் சாதித்தது குளியலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தியதுதான். தலைவர் படுக்கையிலிருந்து போட்ட கையெழுத்துகள் எதுவும் தலைவரின் கையெழுத்து இல்லை. அவர் நியமித்த ஒரு தூதர் பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றிருந்தார், அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவசர ஆணையும் அதே கதிதான். அது வெறும் காகிதம்.

உள்துறை அமைச்சர் மூச்சிரைக்க வந்தார். அவர் மூளை வேகமானது, ஒத்துக்கொள்ள வேண்டும். "அப்ப சரி டாக்டர். நீங்கதானே தலைவர்? அதே ஆணைய இப்ப நீங்க போடுங்க."

இந்த முறை வாய் வந்தது. "உள்ள இருக்கறது எங்க அக்கா பையன். நான் இதுல கையெழுத்தும் போடக் கூடாது, கிழிக்கவும் கூடாது. தொடவே மாட்டேன்."

"அப்ப அவங்கள யாரு விடறது? நீங்கதானே உத்தரவு போடணும்?"

அதுதான் சிக்கல், சிறைக் கண்காணிப்பாளரும் அதையே கேட்டார். வெளியே விட ஒரு தாள் வேண்டும் என்றார். உள்ளே வைத்திருந்த தாளே தாள் இல்லை என்று அரசு வழக்கறிஞர் சொல்லிப் பார்த்தார். "அது எனக்குப் புரியுது சார், என் பதிவேட்டுக்குப் புரியாது" என்றார் கண்காணிப்பாளர். கடைசியில் சபாநாயகர் இரண்டு வரி எழுதினார்: 'அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடிதம் எதுவும் இன்றுவரை எனக்கு வரவில்லை.' அந்த இரண்டு வரியில்தான் எல்லா பைலட்டுகளும் வெளியே வந்தார்கள். அதில் என் பெயர் இல்லை, மருமகன் பெயரும் இல்லை. நான் ஒன்றிலும் கையெழுத்துப் போடவில்லை அக்கா. ஒன்றிலுமே இல்லை.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போய்த் தலைவரிடம் சொன்னேன். முதலில் அவர் முகம் வெளுத்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு சிரித்தார். "வேணாம்யா, தையல் பிரிஞ்சிடும். நன்றி சொல்லப் போயி ஆட்சிய விட்டுட்டேனா?" சிரிப்பு அடங்கியதும் கேட்டார், "அந்த ஆணை... அமைச்சரவை சொல்லிடுச்சுன்னு சொல்லித்தானே உள்துறை அமைச்சர் என்கிட்ட கையெழுத்து வாங்கினார்?" தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன்.

என் கண்ணெதிரிலேயே சபாநாயகருக்கு எழுதினார். விலாசத்தை முதலில் எழுதச் சொன்னேன். போய்ச் சேர்ந்தது என்று தகவல் வந்ததும் அமைச்சரவையை அங்கேயே கூட்டினார். நர்ஸ் விடவில்லை. "பார்வையாளர் ஒரு நேரத்துல ரெண்டு பேர்தான். யாரா இருந்தாலும்." கடைசியில் சிற்றுண்டிச் சாலையில் கூடினார்கள், தலைவர் சக்கர நாற்காலியில். நான் வெளியே நடைகூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கதவு சரியாக மூடவில்லை. துறைமுக அமைச்சர் குரல் கேட்டது: "இந்தக் காகிதத்த நான் பாக்கவே இல்லையே! புதுப் படகுக்கு நான் போன மாசமே சரின்னு எழுதிட்டேன். நிதியிலதான் நிக்குது." நிதி அமைச்சர் மோட்டுவளையைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆணை இல்லை. படகு உண்டு. எனக்கு நாற்காலி இல்லை, கால் தரையில் இருக்கிறது.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

மூன்று முறை 'அக்கா' என்று எழுதி ஒரு கடிதத்தைத் தொடங்குவது முறை இல்லை. ஒரு முறை போதும்.

அவன் வந்துவிட்டான். ஸ்வெட்டரைச் சிறையில் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டானாம், அந்த ஆளுக்கு இருமலாம். நான் பின்னியது என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறான். திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்த நாற்காலியில் தூங்கிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நீ பார்த்திருந்தால் பல்லை எண்ணியிருப்பாய்.

நேற்று வேலைக்குப் போனார்கள். வெளியே நின்ற கப்பல்களில் முதல் கப்பலை இவன்தான் கொண்டுவந்தான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய இரும்பு, கரையை உரசாமல் மெதுவாக, ஒரு பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல் உள்ளே வந்தது. எதிர்வீட்டு அம்மாள், "மாமா பெரிய எடத்துல இருந்தா எல்லாம் நடக்கும்" என்றாள். நான் அவளை மேலே கூப்பிட்டு, உட்கார வைத்து, உன் கடிதத்தில் சபாநாயகர் எழுதிய இரண்டு வரியை வாசித்துக் காட்டினேன். "இதுல மாமா எங்க இருக்கான், காட்டுங்க" என்றேன். அவளுக்குக் காட்ட முடியவில்லை. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத்தான் தெரியும்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இதை எந்தச் செயலாளர் முன்னாலும் படிக்காதே.

பதின்மூன்றாம் தேதி அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்த பிறகு, வீட்டில் சத்தமே இல்லை. அவன் செருப்பு வாசலில் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. நான் மேசையில் உட்கார்ந்து இன்னொரு தாளை எடுத்தேன். அதன் மேலே உன் பெயரை எழுதினேன். கீழே எழுத வேண்டியது என்ன என்பதும் தெரிந்திருந்தது. நாலே சொல். என் வாழ்நாளில் யாருக்கும் எழுதாத சொற்கள். நீ முறை தவறினாலும் பரவாயில்லை, அவனை அனுப்பு என்ற கருத்தில். பேனாவையும் திறந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. "அம்மா, பசிக்குது" என்று அவன் நின்றான்.

தாளை மடித்து அடுப்பில் போட்டுவிட்டு அவனுக்குச் சாப்பாடு வைத்தேன். இன்னும் ஒரு மணிநேரம் கழித்து வந்திருந்தால் நான் அதை எழுதியிருப்பேனா மாட்டேனா என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரிய வேண்டாம். அவன் உள்ளே இரண்டாம் முறை சோறு கேட்கிறான், போகிறேன்.

அக்கா